காணாமல் போன லாரிக் கண்ணாடி

போன வாரம் வால்பாறையில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ரொம்ப நல்ல மனுசன் சார்" என்றார்.

உடனே இன்னொரு கையால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பர்ஸ் இருந்தது.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். நொறுங்கிய வண்டியைப் பார்த்து, அது சொன்னபடிதான் நொறுங்கியதா என்று எழுதிக் கொடுக்கிற வேலை. 'குறுக்க நாய் வந்துருச்சுங்க' என்பார்கள். எந்த நாய், என்ன நிறம், எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்பேன். வருஷக்கணக்காக இப்படிக் கேட்டே பழகியவனை ஒருவர் நல்லவன் என்கிறார் என்றால்… எங்கேயோ இடிக்கிறது இல்லையா?

சொன்னவர் அருள்ராஜ். எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்த ஒரு ஜீப்பைப் பார்க்கப் போன இடத்தில் என்னைப் பார்த்துவிட்டு, கையில் கிரீஸோடு ஓடி வந்தார்.

"அந்த லாரி பெட்டிக்குள்ள கண்ணாடி செட் ஒண்ணு எக்ஸ்ட்ராவா வச்சு அனுப்பியிருந்தீங்களே சார். இந்தக் காலத்துல யாரு சார் அப்படிச் செய்வா? எங்க லைன் வீடுகள்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

நான் எதையும் எக்ஸ்ட்ராவாக வைத்து அனுப்பவில்லை. யாருக்கும் எதையும் அப்படி அனுப்புகிற ஆளே இல்லை நான். சிரித்து வைத்தேன். ஆனால் நாலு மாசமாக நான் ஒரு கண்ணாடி செட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதைத் திருடியவர் என்று ஒருவர் பேரை ஊர் முழுக்கப் பரப்பியும் விட்டிருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பிளாஸ்டிக் மாடல் கிட். நிஜ வண்டியை இருபதில் ஒரு பங்கு, முப்பதில் ஒரு பங்கு என்று சுருக்கி, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்பார்கள். சக்கரம், பம்பர், ஸ்டீயரிங் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நறுக்கி எடுத்து, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்தால் லாரி. பகலெல்லாம் முழு வண்டி உடைந்து கிடப்பதைப் பார்க்கிறவனுக்கு, உடைந்து கிடப்பது முழு வண்டியாகும் என்பதில் ஒரு சுகம்.

என்னிடம் எழுபத்தொரு பெட்டிகள் இருக்கின்றன. கட்டி முடித்தவை எத்தனை என்று கேட்கிறீர்களா? நாலு.

சிரிக்காதீர்கள். இந்தக் கிறுக்கு பிடித்த எல்லோரும் இப்படித்தான். கட்டுவதற்காக வாங்குவதாகச் சொல்லிக்கொள்வோம். உண்மையில் ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து, சட்டங்களை எடுத்துப் பரப்பி, தடவிப் பார்த்து, மோந்து பார்த்து, திரும்ப மூடி வைப்போம். என் மனைவி சாந்தாமணி இதற்கு, "பட்டுச்சேலையக் கட்டாமயே மடிச்சு மடிச்சு வெக்கறாப்பல" என்று பெயர் வைத்திருக்கிறாள்.

வாங்குவது பெரும்பாலும் பழையது. கம்பெனி செய்வதை நிறுத்திவிட்ட கிட்டுகளை ஆள் பிடித்துத்தான் வாங்க வேண்டும். அங்கேதான் என் தொழில் புத்தி விழித்துக்கொள்ளும். பெட்டி ஓரம் நசுங்கியிருக்கிறதா? ஸ்டிக்கர் தாள் மஞ்சளித்திருக்கிறதா? மேலே சுற்றிய கண்ணாடிப் பேப்பர் கம்பெனி சுற்றியதா, இடையில் யாரோ சுற்றியதா? கம்பெனிப் பேப்பரில் குண்டூசி முனை அளவில் காற்றுப் போக ஓட்டை இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பெட்டியைப் பிரிக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்துவிடுவேன். பக்கத்தில் அன்றைய பேப்பர், தேதி தெரியும்படி. ஆளைக் கடத்தியவர்கள்தான் இப்படி எடுப்பார்கள் என்பாள் சாந்தாமணி.

மார்கழியில் எங்கள் கிட் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அறிவிப்புப் போட்டார். மூக்கு வைத்த பழைய அமெரிக்க லாரி, விலைக்கு இருக்கிறது, காங்கேயம். பேர் ரத்தினசாமி. அதே லாரியின் பழைய பதிப்பு என்னிடம் ஏற்கெனவே உண்டு. இது பிந்தைய பதிப்பு. கிடைக்கவே கிடைக்காது. கேட்ட விலையோ ரொம்பக் குறைவு.

குறைந்த விலை என்றால் உங்களுக்கு என்ன தோன்றும்? சந்தோஷம். எனக்கு வேர்த்துவிட்டது. போன் போட்டேன்.

"ஏனுங்க, எதுக்கு விக்கறீங்க?"

"சக்கரை வந்து கண்ணுல எறங்கிருச்சுங்க. சின்ன சாமானெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. பெட்டிய அடுக்கி வெச்சு நான் என்னங்க பண்றது? யாராச்சும் கட்டுனா, கட்டி முடிச்சு ஒரு போட்டோ போடுங்க. கண்ணு இருக்கற வரைக்கும் பாத்துக்கறேன். அதுதானுங்க எனக்கு வேணும்."

மனசு இளகியிருக்க வேண்டும். எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? கிளெய்ம் ஃபைல்களில் நான் படித்த உருக்கமான கதைகள் எல்லாம். அதனால் நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று கோயமுத்தூரில் காங்கேயம் பஸ் ஏறினேன்.

அவருக்கு எண்ணெய் மில். முன்னால் களத்தில் கொப்பரை காய்கிறது. மில்லுக்கு மேலே ஓர் அறையில் கிட்டுகள். படி ஏறும்போதே ஒன்றைக் கவனித்துவிட்டேன். மில்லின் மூலையில், எண்ணெய் பாட்டில்களுக்குப் பிளாஸ்டிக் பேப்பர் சுற்றிச் சூடு காட்டி இறுக்குகிற மெஷின்!

புரிகிறதா? பழைய கிட் விற்கிறவர் வீட்டிலேயே சீல் போடுகிற மெஷின்.

நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார். "இது கம்பெனி சுத்துனது இல்லீங்க. நானே பிரிச்சுப் பாத்துபோட்டு, கொப்பரைத் தூசு படியக் கூடாதுன்னு நம்ம மெஷின்ல சுத்துனது. எல்லாப் பெட்டியும் அப்படித்தான். கிழிச்சுப் பாத்துக்கோங்க."

பலே. நாம் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது. இதையும் ஃபைல்களில் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் கிழித்துப் பார்த்திருக்க வேண்டியதுதானே என்பீர்கள். எப்படிங்க கிழிப்பது? அவர் சம்சாரம் காபி கொண்டு வந்து, "சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணுங்க" என்று நிற்கிறார். ரத்தினசாமி சேரைத் துடைத்துப் போடுகிறார். அந்த இடத்தில், அவர் கண் முன்னால், பேப்பரைக் கிழித்து உருப்படி உருப்படியாக எண்ணுவதா? நம்ம பக்கத்தில் ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்து அப்படிச் செய்ய முடியுமா? மனசுக்குள் ஆயிரம் சந்தேகம் இருக்கலாம். வாயில் 'ங்க' குறையக் கூடாது. "எதுக்குங்க, உங்க மேல இல்லாத நம்பிக்கையா" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கையில் திணித்தார். சும்மா. எதற்கு என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். எண்ணெய் கொடுத்தவர் மேல் குறை சொல்ல வாய் வராது, அதற்குத்தான் என்று முடிவுக்கு வந்தேன். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அந்த மார்கழிக் குளிரில் ஒரு வாரம் சமையலறை ஜன்னலோரம் வைத்து, உறைகிறதா என்றும் பார்த்தேன். வெள்ளையாக, கல்லாட்டம் உறைந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வீடியோ போட்டுப் பெட்டியைப் பிரித்தேன். பத்து நிமிஷம்கூட இருக்காது. காரமடையில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று சாந்தாமணி அவசரப்படுத்தினாள். எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிவிட்டுப் போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் பழைய லாரியையும் புதிய லாரியையும் பிரித்துப் பரப்பினேன். எது உசத்தி என்று பார்க்க வேண்டாமா? பழையது சாம்பல் நிறப் பிளாஸ்டிக். புதியது வெள்ளை. கதவுக்குக் கதவு, சக்கரத்துக்குச் சக்கரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, வாசல்ல ஒறம்பரை வந்துட்டாங்க. எலை போடோணும். உங்க லாரி ஆபீஸை மொதல்ல காலி பண்ணுங்க!"

உறவுக்காரர்கள் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அள்ளினேன். சாம்பல் நிறம் பழைய பெட்டிக்கு, வெள்ளை புதிய பெட்டிக்கு. சுத்தமான வேலை என்றுதான் நினைத்தேன்.

தை மாசம் பழைய லாரியை அருள்ராஜுக்கு விற்றேன். முன்பு ஒரு தடவை வால்பாறை போனபோது பழக்கம். தீப்பெட்டி, பேனா ரீஃபில் இவற்றை வைத்தே அவர் செய்திருந்த குட்டி டிராக்டரைப் பார்த்து அசந்து போயிருந்தேன். எங்கள் குழுவில் அவர் இல்லை. எஸ்டேட்டில் போன் சிக்னல் வந்தால் உண்டு. வால்பாறை பஸ் கண்டக்டரிடம் பெட்டியைக் கொடுத்து அனுப்பினேன். அதையும் வழியில் யாராவது பிரிப்பார்களோ என்று நாலு சுற்று டேப் ஒட்டித்தான்.

மாசியில் சாந்தாமணி சவால் விட்டாள். "ஒண்ணையாச்சும் கட்டுங்க பாக்கலாம். அப்பறம் எழுபத்திரண்டாவது பெட்டியப் பத்திப் பேசலாம்." ரோஷம் வந்து காங்கேயம் லாரியை எடுத்தேன். உள்ளே கண்ணாடிச் சட்டம் இல்லை.

முன் கண்ணாடி, கதவுக் கண்ணாடி, ஹெட்லைட் எல்லாம் நிறமில்லாத பிளாஸ்டிக்கில் தனிச் சட்டமாக வரும். அது இல்லாமல் லாரி பாழ். எனக்கு வந்த கோபத்தில் ஒரு திருப்தியும் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்தான் அப்போதே நினைத்தேனே!

குழுவில் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். 'ரத்தினசாமி அண்ணனுங்க, நீங்க குடுத்த பெட்டில கண்ணாடியைக் காணமுங்க. உங்க ஊட்டு மெஷின்ல சுத்துன பெட்டிங்கறதை எல்லாரும் தெரிஞ்சுக்கறது நல்லதுங்க. என்கிட்ட வீடியோ இருக்குதுங்க.'

எத்தனை 'ங்க' பார்த்தீர்களா? ஒவ்வொன்றும் ஒரு குத்து.

அவர் குரல் பதிவு அனுப்பினார். "எல்லாம் வெச்சுத்தான் சுத்துன ஞாபகமுங்க. ஆனா என்ற கண்ணு இருக்கற லட்சணத்துக்கு அடிச்சுச் சொல்ல முடியலீங்க. வேற பெட்டிக்குள்ள மாறிப் போயிருக்கும். தேடறனுங்க. சித்த பொறுத்துக்கோங்க."

நான் என்ன முடிவுக்கு வந்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். குற்றமில்லாதவன் எதற்குத் தயங்குவான்? குழுவில் இரண்டு பேர், "நல்லவேளை சொன்னீங்க" என்று கும்பிடு போட்டார்கள். அவரிடம் இரண்டு கிட்டுகளுக்குச் சொல்லி வைத்திருந்த ஒருவர் வேண்டாம் என்றுவிட்டார். பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. பத்துப் பதினைந்து நாளில் ரத்தினசாமி குழுவிலிருந்து வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இப்போது வால்பாறைக்கு வருவோம்.

அருள்ராஜ் என்னை ஒர்க்‌ஷாப் அலமாரிக்கு இழுத்துப் போனார். உள்ளே சாம்பல் நிற லாரி, இப்போது சிவப்பில், மூக்கு நீட்டி நின்றது. அவ்வளவு அழகு. அதற்குப் பக்கத்தில் தகரத்தை வெட்டி அவரே செய்த இன்னொரு லாரி. தேயிலை மூட்டை ஏற்றுகிற எஸ்டேட் லாரி. அதன் முன்னால் பளிச்சென்று கண்ணாடி.

"அந்த ரெண்டாவது கண்ணாடியை வெட்டி இதுல மாட்டினேன் சார். இது எங்கப்பா மூட்டை தூக்கின லாரி. கண்ணாடி இல்லாம ரொம்ப நாளா அப்படியே கெடந்துச்சு."

சாம்பல் நிறம் ஒரு பெட்டிக்கு. வெள்ளை ஒரு பெட்டிக்கு. சரி. நிறமே இல்லாத கண்ணாடிச் சட்டங்கள் இரண்டும்? அள்ளின அவசரத்தில் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டிருக்கிறேன். நானே.

அப்போதும் மனசு விடவில்லை. அருள்ராஜ் வேறு எங்காவது வாங்கியிருந்தால்? பழைய பெட்டியிலேயே ஆதியில் இரண்டு இருந்திருந்தால்? தப்பிக்க வழி தேடுகிற ஆளிடம் நான் எத்தனை முறை முகத்தைச் சுளித்திருக்கிறேன்… மலை இறங்கும் பஸ்ஸில் அத்தனை வளைவிலும் அதே வேலையைத்தான் செய்துகொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைத் தேடி எடுத்தேன். முதல் முறையாகப் பார்க்கிறேன். ஆமாம், எடுத்த வீடியோக்களில் ஒன்றைக்கூட நான் அதுவரை பார்த்ததில்லை. அடுத்தவரை மடக்குவதற்கு எடுத்தது. நாம் எதற்குப் பார்க்க வேண்டும்? 'வீடியோ இருக்கிறது' என்று சொன்னாலே போதுமே, எதிரில் இருப்பவர் அடங்கிவிடுவார்.

பாதி வீடியோவில் என் வழுக்கைதான் தெரிகிறது. நாலாவது நிமிஷம் வழுக்கை விலகுகிறது. ஒரு கை பளபளக்கும் சின்னக் கவரைத் தூக்குகிறது. என் குரல் சொல்கிறது. "கண்ணாடி… இருக்குது. ஓகே."

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சாந்தாமணி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய்த் தாளிக்க ஆரம்பித்தாள். காங்கேயத்து எண்ணெயில்.

வெட்கமாக இருந்தது. சாதாரண வெட்கம் இல்லை, கூசிப் போய்விட்டேன். அந்த வீடியோவையே குழுவில் போட்டு, தப்பு முழுக்க என்னுடையது என்று எழுதினேன். ஆனால் படிக்க வேண்டியவர்தான் அங்கே இல்லையே? மறுநாள் காலை காங்கேயம் பஸ் ஏறினேன்.

ரத்தினசாமி களத்தில் கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்தார். கிட்டத்தில் போய்ப் பேரைச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த ஆறு மாசத்தில் கண் இன்னும் மங்கியிருந்தது.

"அட, வாங்க வாங்க! கண்ணாடி கெடைச்சுதுங்களா?"

அதுதான் முதல் கேள்வி. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேஜை, ஒறம்பரை, வீடியோ, வால்பாறை. மன்னிப்புக் கேட்டேன். அவர் கொப்பரை தள்ளும் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"அப்பாடா… நாந்தான் எங்கியோ போட்டுத் தொலைச்சுபோட்டேன்னு இருந்தனுங்க. குழுவுல எந்த மூஞ்சிய வெச்சுட்டு இருக்கறதுன்னு வெளிய வந்துட்டேன். மேல வாங்க, காபி சாப்பிடலாம்."

மேலே போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

போன தடவை சுவரோரம் அடுக்கடுக்காக, பேப்பர் சுற்றி, பளபளவென்று இருந்த பெட்டிகள் அத்தனையும் பிரிந்து கிடந்தன. முப்பது பெட்டிக்குக் குறையாது. தரை முழுக்கச் சட்டங்கள். ஒன்றோடொன்று கலந்து, மேலே கொப்பரைத் தூசு படிந்து. ஜன்னலோரம் ஒரு பூதக்கண்ணாடி.

"உங்க கண்ணாடியத் தேடுனதுங்க. ஒவ்வொரு பெட்டியா உருவிப் பாத்தேன். தெரியாததுக்குத் தடவித் தடவிப் பாத்தேன். திருப்பி அடுக்கறதுக்குத்தான் எது எதுல வருதுன்னு ஒண்ணும் புரியலீங்க."

"ஏனுங்க… நான் பொய் சொல்லியிருப்பேன்னு உங்களுக்குத் தோணவே இல்லீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று ஒரு நொடி தேடிவிட்டுத்தான் பார்த்தார்.

"நீங்க எதுக்குங்க பொய் சொல்லப் போறீங்க? காணம்னு சொன்னா, காணம்னுதானுங்களே அர்த்தம்."

என் தொழிலில் இத்தனை காலம் கேட்ட வாக்குமூலங்களில் நான் குறுக்குக் கேள்வி கேட்காதது இதற்கு மட்டும்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளையாக அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். நினைத்த மறு நொடி, 'நல்லவேளையாக' என்று நினைத்ததற்காக என்னையே அறையலாம் போலிருந்தது.

அருள்ராஜ் கட்டிய லாரியின் போட்டோவைச் செல்போனில் காட்டினேன். முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, பெரிசாக்கிப் பெரிசாக்கி, மூலை மூலையாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஹெட்லைட் ஜோரா உக்காந்துருக்குதுங்க" என்றார். அதற்கப்புறம் நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை ஒன்பது பெட்டிகள் பிரித்து அடுக்கினோம். சட்டத்தில் இருக்கிற நம்பரை நான் படித்துச் சொல்ல, எது எந்த வண்டி என்று அவர் நினைவிலிருந்து சொன்னார். மிச்சம் இருபத்துச் சொச்சம் இருக்கிறது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கேயம்தான். என் லாரியை முன் கண்ணாடி இல்லாமலேயே கட்டத் தொடங்கிவிட்டேன். இந்த ஒன்றையாவது அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

புறப்படும்போது படியிறங்கி வந்து, மறுபடியும் ஒரு லிட்டர் எண்ணெயைக் கையில் திணித்தார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க ஒரு கை தானாகக் கிளம்பியது.

இன்னொரு கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டே கோயமுத்தூர் வந்து சேர்ந்தேன்.